சுரமும் பச்சிலையும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருதல் வழக்கம். மருந்துக்கும் வரலாறு உண்டு. அதிலும் வெற்றியும் பின்னடைவும் மாறி மாறி வருகின்றன. நெடுங்காலம் மாணவர்க்கு வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், மலேரியா என்னும் குளிர்சுரத்துக்கு மனிதன் மருந்து தேடிய கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கொசுவின் வாயிலாக நம் குருதியிற் புகும் நுண்ணிய ஒட்டுயிரே இச்சுரத்துக்குக் காரணம். தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை இதனைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 1820-இல் பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு நாட்டார் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860-க்குப் பின் அம்மரம் நம் நீலகிரியிலும் பயிராயிற்று; நடுவட்டத்தில் கொயினா ஆலையும் நடந்தது. 1934-இல் ஜெர்மனியில் குளோரோகுவின் உருவாயிற்று. விலையோ மலிவு, பயனோ விரைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகெங்கும் பரவிற்று. சுரம் ஒழிந்தே போகும் எனப் பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1950-களின் இறுதியில், தாய்லாந்து–கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் அம்மருந்துக்கு அடங்காத ஒட்டுயிர்கள் தலைகாட்டின. இஃது எவ்வாறு நேர்ந்தது? கோடிக்கணக்கான ஒட்டுயிர்களுள் ஒன்றிரண்டு இயற்கையாகவே சிறிது மாறிப் பிறக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இவையோ உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளிப் பிழைத்துக்கொள்கின்றன. மற்றக் களைகளைப் பறித்தபின் விடுபட்ட கோரை வயல் முழுதும் படர்வதுபோல, இவற்றின் வழித்தோன்றல்களே எங்கும் பெருகுகின்றன.

வியட்நாம் போரில் குண்டுகளோடு இச்சுரமும் வீரர்களை வாட்டிற்று. வட வியட்நாம் உதவி வேண்டவே, சீன அரசு 1967 மே 23-ஆம் நாள் மறைவாக ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தின் இருபத்து மூன்றாம் நாளாதலால், அதற்கு 523 என்றே பெயர். பெய்ஜிங்கில் மரபு மருத்துவ ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த து யூயூ அம்மையார் 1969-இல் இப்பணியை ஏற்றார். பழஞ்சுவடிகளையும் நாட்டு வைத்தியர்களையும் நாடி, அவர் குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது.

அவற்றுள் ஒன்று சிங்ஹாவ் என்னும் பச்சிலை. நம் மாலைகளில் மணக்கும் மரிக்கொழுந்தின் இனத்தது. ஆனால் அதன் சாறு ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை தரவில்லை. அம்மையார் நான்காம் நூற்றாண்டு மருத்துவரான கே ஹோங்கின் நூலை மீண்டும் புரட்டினார். அதில் இலையைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியவே சொல்லியிருந்தது. வெப்பமே மருந்துப் பொருளை அழிக்கிறதோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971 அக்டோபர் 4-ஆம் நாள், 191-ஆம் எண்ணிட்ட சாறு எலிகளின் குருதியிலிருந்து ஒட்டுயிரை முற்றிலும் நீக்கியது. மறு ஆண்டில் அம்மையாரும் தோழர் இருவரும் அதைத் தாமே உட்கொண்டு சோதித்த பின்னரே, ஹைனான் தீவின் நோயாளிகளுக்கு அளித்தனர். ஆர்ட்டெமிசினின் பிறந்த கதை இதுவே. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நான் கருதுவது ஒன்று. முன்னோர் நூல் வழி காட்டியது உண்மை. எனினும் சோதனையின்றி அது மருந்தாகவில்லை. பழமையை இகழ்வோரும், ஆராயாமற் போற்றுவோரும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. ஆர்ட்டெமிசினின் சில மணி நேரத்தில் பெரும்பகுதியை அழிக்கும். எஞ்சியவற்றை மெதுவாகக் கொல்ல வேறொரு துணை மருந்து வேண்டும். இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் ஒட்டுயிர் தோன்றுவது அரிது. ஆகவே 2006-இல் உலகச் சுகாதார நிறுவனம், சாதாரண மலேரியாவுக்கு இதைத் தனித்து வழங்குவதை நிறுத்தச் சொன்னது. அப்படியிருந்தும் அடுத்த சில ஆண்டுகளிலேயே மேற்குக் கம்போடியாவில் இதன் வேகம் தளர்ந்தது; பின்னர் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் அத்தளர்ச்சி காணப்பட்டது.

ஆதலால் புதிய மருந்துக்கான தேடல் தொடர்கிறது. ஒரு மருந்தைக் கண்டெடுக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை வீணாக்கவோ கவனக்குறைவே போதும். சுரம் விட்டது என்று மாத்திரையைப் பாதியில் எறிவதும், அண்டைவீட்டார் சொன்ன மருந்தைக் கடையில் வாங்கி விழுங்குவதும் சிறு செயல்களல்ல. மருத்துவர் விதித்த அளவை, விதித்த நாள்வரை உட்கொள்வோமாக. அது நம் உடலுக்கு மட்டுமன்று, பிறர் உடலுக்கும் நாம் செய்யும் கடமை.