ஊர்ப் பள்ளியும் சேரியின் பங்கும்

பாகூர் ஏரியின் நீரால் வாழும் நம் பகுதிக்குக் கல்வி வரலாறு செப்பேட்டிலேயே தொடங்கிவிடுகின்றது. 1879ஆம் ஆண்டு வெளிப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பாகூரிலிருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைத் தருகின்றன. அஃது ஒன்பதாம் நூற்றாண்டு. ஊர்களின் வருவாய் கல்விக்குச் சென்றது என்று மேடைகளில் பெருமிதத்துடன் கூறுவர். பெருமை கொள்ளத்தக்க செய்திதான். ஆயினும் அந்நிலங்களைச் சேற்றில் இறங்கி உழுதவர் யார், அந்தக் கல்விச்சாலையில் ஏடு பிரித்து அமர்ந்தவர் யார் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பக் கடமைப்பட்டவர்கள் நாம். அங்கே ஓதப்பட்டது வேதம் சார்ந்த வடமொழிக் கல்வி; அதனைக் கேட்கும் தொலைவில் நிற்கவும் நம் முன்னோர்க்கு உரிமையில்லை.

குருவிநத்தம் என்னும் பெயரிலுள்ள 'நத்தம்' குடியிருப்பு மனையைக் குறிக்கும் சொல். தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகள் வரி நீங்கிய இடங்களை எண்ணும்பொழுது, ஊர்நத்தத்தை ஒன்றாகவும் பறைச்சேரியைப் பிறிதொன்றாகவும் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனைக்கு இரு பெயர் வந்துவிட்டது. ஆகவே 'ஊர் கூடிப் பள்ளியை வளர்த்தது' என்று எவரேனும் கூறினால், எந்த ஊர் என்று கேட்பது நமக்கு இயல்பு.

பிரெஞ்சு ஆட்சியினர் 1820களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் பள்ளிகளைத் தொடங்கியபொழுது, வெள்ளையர்க்கு ஒன்று, சாதியினர்க்கு ஒன்று, நம்மவர்க்கு ஒன்று எனப் பிரித்தே அமைத்தனர். ஆங்கிலேயர் பகுதியிலும் நிலைமை வேறன்று. பள்ளியில் அனைவரையும் சேர்க்க வேண்டும் என்று ஆணைகள் பிறந்தன. பள்ளியோ அக்கிரகாரத்திலோ கோயிற்சாவடியிலோ இருந்தது. தெருவில் நடக்கவே தடையிருக்க, பள்ளியின் கதவு திறந்திருந்து பயன் என்ன?

இந்நிலையில்தான் நம்மவர் தாமே பள்ளி காணத் தலைப்பட்டனர். பண்டிதர் அயோத்திதாசரோடு தொடர்பு கொண்டிருந்த கர்னல் ஆல்காட் 1894இல் சென்னை அடையாறு அருகே பஞ்சமர்க்கான முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நமக்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று சிதம்பரம். ஆரணிப் பகுதியிலே 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் அங்கே நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனாரைப் பற்றிய கதை வழங்கும் தில்லையில், அவர் பெயராலேயே பள்ளிக்கூடமும் விடுதியும் எழுந்தன. அடிகளார் பலரிடமும் பொருள் வேண்டிப் பெற்றார். பின்னர் சட்டமன்றத்திலும் அமர்ந்து பேசினார். 1959இல் அவர் மறையும் வரை அப்பணி ஓயவில்லை. தென்பெண்ணைக்கு இக்கரையில் இருக்கும் நம்போன்ற சங்கங்கள் அவ்வடிச்சுவட்டைப் பின்பற்றுவனவே. அங்கே கொடுத்தவர் பல சாதியினர். ஆனால் பள்ளியை நடத்தியவர் நம்மவர். இவ்வேறுபாட்டைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும்.

ஏனெனில் கொடைக்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் நண்பகல் உணவுத் திட்டம் சென்னை மாநிலத்தில் பரவியபொழுது, செலவில் ஒரு பகுதியை அரசும் மற்றொரு பகுதியை ஊராரும் ஏற்றனர். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். ஆசிரியர்கள் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டனர்; மக்கள் கட்டடமும் பலகையும் சீருடையும் வழங்கினர். அரசுப் பள்ளி நமது பள்ளி என்னும் எண்ணம் அப்பொழுது அரும்பியது உண்மை. அம்மாநாடுகளை நாம் போற்றுகின்றோம். எனினும் மேடையில் வாசிக்கப்படும் கொடையாளர் பட்டியலில் பணம் தந்தவர் பெயர் இடம்பெறும். கட்டடத்துக்கு மண் சுமந்தவர் பெயர் இடம்பெறுவது அரிது.

அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் போன்ற தொண்டமைப்புகள் இன்று அரசுப் பள்ளிகளைப் பற்றிக் கூட்டங்கள் கூட்டுகின்றன. மேசையும் நோட்டுப் புத்தகமும் வருகின்றன, நன்றியோடு ஏற்கின்றோம். (புகைப்படத்துக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைக்கும் வழக்கம் மட்டும் மாறினால் நன்று.) ஆனால் 'பொதுமக்கள் பங்கேற்பு' என்று அங்கே பேசப்படுவது பெரும்பாலும் கொடுப்பவரின் பங்கேற்பே. அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் அக்கூட்டங்களில் இருப்பதில்லை.

சட்டம் இதற்கு மாறாகவே கூறுகின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கின்றது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய விகிதத்தில் இடம் தரப்பட வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், பெறும் நிதி செலவாகும் வகையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். பாகூரின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கொடையிலோ 1958இன் மாநாடுகளிலோ காண இயலாத உரிமை இது: கணக்கைக் கேட்கும் உரிமை.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க நாம் வேண்டுவது சிறியதே. குழுவின் கூட்டம் முற்பகல் பதினொரு மணிக்குக் கூடுமாயின், நடவுக்குச் சென்ற தாய் அன்றைய கூலியை இழந்தே வர வேண்டும்; வாராவிட்டால், பின்னர் வீட்டுக்கு வரும் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கப்படும். ஆகவே, கழனி வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பிய பின், மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் கூட்டப்படுக. தீர்மானங்கள் தமிழில் உரக்க வாசிக்கப்படுக. அதன் பின்னரே கையெழுத்து பெறப்படுக.