மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

பேனாக்கத்தி என்னும் சொல்லை நாம் எளிதாக வழங்குகிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஐரோப்பியர் பறவையின் இறகினால் எழுதிய காலத்தில், இறகின் அடிக்காம்பைச் சீவிக் கூராக்க ஒரு சிறு கத்தி தேவைப்பட்டது. எழுத்துத் தொழிலில் இருந்தோர் அதனை எப்போதும் உடன் வைத்திருந்தனர். பின்னர் இறகு மறைந்தது. எஃகு முள் வந்தது. ஊற்றுப் பேனாவும் வந்தது. கத்தி மட்டும் எழுதுகோலின் பெயரைத் தாங்கியபடி சட்டைப் பையில் தங்கிவிட்டது.

தமிழ்ப் புலவரின் மடியிலும் இதற்கு இணையான கருவி ஒன்று இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. ஒரு பிடி, அதன் ஒரு முனையில் ஓலையை வாருவதற்கான கத்தி, மறுமுனையில் எழுதுவதற்கான ஆணி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். பிடி மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ அமையும். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளை உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் விளக்கியிருக்கிறார். 1855இல் பிறந்த அவர், ஓலையில் எழுதிப் பழகிய கடைசித் தலைமுறையினருள் ஒருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் மடக்கெழுத்தாணி என்னும் சொல்லைப் பதிவு செய்துள்ளது.

பல பயன்களை ஒரு பிடிக்குள் அடக்கிய கையடக்கக் கருவிகளைத் திரட்டுவதும், அவற்றின் காலத்தைக் கணிப்பதும் இன்று உலகெங்கும் ஒரு கலையாக வளர்ந்துள்ளன. அக்கலையின் முறைகளை நம் மடக்கெழுத்தாணிக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தார்க்கு இம்முயற்சியில் தனித்த பங்கு உண்டு என்பதையும் பின்னர்க் காண்போம்.

மடக்குக் கருவி மிகப் பழையது. கேம்பிரிட்ஜ் நகரின் பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கருவி ஒன்று உள்ளது. வெள்ளியால் ஆன அதில் கரண்டி, முட்கரண்டி, கத்தி, குத்தூசி முதலியன மடங்கி நிற்கின்றன. இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1822ஆம் ஆண்டில் 1822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைத் தம் திறமையைக் காட்டவே செய்தனர். ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1884இல் இபாக் என்னும் ஊரில் பட்டறை தொடங்கினார். 1891 முதல் அந்நாட்டுப் படைவீரர்க்குக் கத்தி வழங்கினார். அலகு, திருப்புளி, தகரடப்பா திறப்பான், துளையூசி ஆகிய நான்கும் அதில் இருந்தன. 1897இல் பதிவான அதிகாரிகள் கத்தியே இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்தியின் முன்னோடி. இடுக்கியை நடுவில் வைத்து மடக்கும் கருவியை அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் டிம் லெதர்மேன் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'தோல்காரர்' என்று பொருள் தரும் அப்பெயர் அவருடைய குடும்பப் பெயர்தான். ஆம்பூர்க்காரர்களுக்கு அது ஒரு புன்னகையைத் தரக்கூடும்.

இக்கருவிகளின் காலத்தை அறிவது எங்ஙனம்? மேனாட்டுக் கத்திகள் தம் பிறப்புச் சான்றைத் தம் உடலிலேயே தாங்கியுள்ளன. அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்கும். முடியுடன் விக்டோரியா அரசியின் எழுத்துகளைத் தாங்கிய ராட்ஜர்ஸ் கத்தி, அவர் ஆண்ட 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டதாகலாம். நாட்டின் பெயர் பொறித்திருப்பின் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது; இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்ததன் விளைவு அது. மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் அடங்கும். துருப்பிடியா எஃகு என்னும் சொல் இருந்தால் 1913க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஷெப்பீல்டில் ஹாரி பிரியர்லி அவ்வெஃகை உருவாக்கிய ஆண்டு அது. ஸ்விஸ் கத்தியில் விக்டோரினாக்ஸ் என்னும் பெயர் 1921க்குப் பிறகே தோன்றுகிறது. எல்சனரின் தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடியா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல்லை இணைத்து அமைத்த பெயர் அது.

வேலூர் வட்டாரத்தில் இவ்வறிவு வெறும் ஏட்டறிவாக நின்றுவிடாது. படையில் சேர்ந்தோர் மிகுந்த பகுதி இது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைப்பதுண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படையினர்க்கு வழங்கப்பட்ட மடக்குக் கத்தியில் ஓர் அகன்ற அலகும், டப்பா திறப்பானும், தடித்த முள் ஒன்றும் இருக்கும். அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும், செய்த ஆண்டும் அதில் பொறிக்கப்படுவதுண்டு. அம்பின் கீழ் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து இருப்பின் அது இந்தியப் படைத்தளவாடத் துறையைக் குறிக்கும். அந்தத் தடித்த முள் குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பதற்கு என்று ஒரு கதை உண்டு. உண்மையில் அது கயிற்றின் புரிகளைப் பிரித்து முடிவதற்காக மாலுமிகள் கையாண்ட கருவியின் வழிவந்தது.

முத்திரை ஒன்றையே நம்புவதும் தகாது. புகழ்பெற்ற பெயர்களைப் போலியாகப் பொறிப்பது பழைய வழக்கம். இந்தியாவில் 1889இல் வணிகக் குறிச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் பொய்க்குறிகளைத் தடுப்பதற்கே. ஆகவே பொறிப்பு, உலோகம், பிடி, ஆணி ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சுட்டினால்தான் கணிப்பு நிலைபெறும்.

இனி நம் மடக்கெழுத்தாணிக்கு வருவோம். ஊர்க் கொல்லர் உலைக்களத்தில் அடித்துச் செய்த கருவி அது. செய்தவர் தம் பெயரைப் பொறிப்பது வழக்கமன்று, ஆண்டும் இராது. மேனாட்டுக் கத்திக்கு உதவிய முதற்சான்றே இங்கு இல்லை. கரிமக் கணிப்பு முறையும் பெரிதும் உதவாது. கடந்த முந்நூறு ஆண்டுப் பொருள்களுக்கு அம்முறை அகன்ற கால எல்லையையே தரும்.

எனினும் சில தடயங்கள் உண்டு. கையால் அடித்த தகட்டின் கனம் இடத்துக்கு இடம் மாறும். ஆலையில் உருட்டிய தகடு ஒரே சீராக இருக்கும். மடக்கும் இடத்தில் அடித்துப் பரப்பிய ஆணி இருக்கிறதா, எந்திரத் திருகாணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகாணி இருந்தால் கருவி பிற்காலத்தது, அல்லது பிற்காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. கத்தியின் தேய்மானமும் பேசும். பல்லாண்டு சாணை கண்ட அலகு ஒடுங்கி, பிடியில் அதற்கென அகழ்ந்த பள்ளத்தைவிடச் சிறுத்துவிடும்.

ஓலைக்கட்டோடு கிடைத்த எழுத்தாணி இன்னும் சிறந்த சான்று. பல சுவடிகளின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டும் மாதமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் பெயர் மட்டும் இருந்தால் மயக்கம் நேரும். விகாரி ஆண்டு என்றிருந்தால் 1839ஆ, 1899ஆ? எழுத்தின் அமைதி, புள்ளி இடும் வழக்கம், எழுதியவரின் வமிசம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு முடிவு செய்தாலும், அது சுவடியை எழுதிய காலமேயாகும். எழுத்தாணி பாட்டனாருடையதாக இருக்கலாம். பெயரன் கையில் அது புதுச்சுவடி எழுதியிருக்கலாம்.

இங்கேதான் தோல் வட்டாரத்தின் அறிவு துணைக்கு வருகிறது. எழுத்தாணிக்கும் கத்திக்கும் தோலுறை தைத்துக்கொள்வது உண்டு. இரும்பு பேசாத இடத்தில் தோல் பேசும். இவ்வட்டாரத்தின் பழைய பதனீட்டு முறை ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் சார்ந்தது. அவ்வாறு பதனிட்ட தோலின் வெட்டு விளிம்பு உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். குரோம் உப்பினால் பதனிட்ட தோலின் விளிம்பில், மேலே எச்சாயம் பூசியிருந்தாலும், நடுவே நீலச்சாம்பல் நிறம் தோன்றுவது வழக்கம். சென்னை மாகாணத்தில் குரோம் முறையை ஆல்பிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் அறிமுகப்படுத்தினார். எனவே நம் பகுதியில் தைத்த குரோம் தோலுறை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் ஷெட்டில் முப்பதாண்டு உழைத்த தொழிலாளி ஒருவர், விளிம்பைப் பார்த்தும் விரலால் மடித்தும் இதனைச் சொல்லிவிடுவார். அருங்காட்சியகத்தார் தேடிப் பெற வேண்டிய அறிவு இங்குக் கைப்பழக்கமாகவே இருக்கிறது.

உறைக்கும் இரும்புக்கும் இடையே இன்னொரு உறவும் உண்டு. பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து, ஈரம் பட்ட இரும்போடு கூடினால் கருநிறம் பிறக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டிப் பழங்காலத்தார் மை செய்தது இவ்வேதிமாற்றத்தைக் கொண்டுதான். நெடுங்காலம் தோலுறையில் கிடந்த எழுத்தாணியின் மேல் படிந்துள்ள கருமை, ஒரு வகையில் அது தானே ஆக்கிக்கொண்ட மை. அதனை அழுக்கென்று கருதி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போர் உண்டு. தேய்த்த பின் பொருள் பளபளக்கும். ஆனால் அது எந்த உறையில், எத்தனை காலம் கிடந்தது என்பதற்கான சான்று அன்றே அழிந்துவிடும். பொருளை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, உறையிலிருந்து பிரித்து வைப்பதே முறை. உறையையும் எறிந்துவிடாமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. ஷெப்பீல்டு கத்தி எந்தக் கடைக்குப் போனாலும் தன் காலத்தைத் தானே சொல்லிக்கொள்ளும். மடக்கெழுத்தாணியின் காலம் அது வந்த வழியில் இருக்கிறது: எந்த ஊர், எந்த வீடு, யார் கையாண்டது, எந்தச் சுவடியோடு இருந்தது, எந்த உறையில் கிடந்தது என்பவற்றில் இருக்கிறது. வீட்டைவிட்டுப் பிரிந்து காயலான் கடைக்குச் சென்ற நொடியில் அது எடைக்கு நிறுக்கும் பழைய இரும்பு. பின்னர்ச் சேகரிப்பாளர் ஒருவர் மீட்டாலும், அதன் வரலாற்றை மீட்க இயலாது.

வீடுகளைப் பிரித்துக் கட்டும் காலம் இது. சுவடிகளைத் தேடி அறிஞர்கள் வந்தார்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், தஞ்சைச் சரசுவதி மகாலும், உ.வே.சா. நூலகமும் அவற்றைக் காத்தன. சுவடிக்குக் கிடைத்த அந்த மதிப்பு, அதனை எழுதிய ஆணிக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடியவை. அத்தகைய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. எல்லை கடப்பதைச் சட்டம் தடுக்கலாம். உலையில் உருகுவதைத் தடுப்பதற்கு வீட்டாரின் அறிவு ஒன்றே காவல்.

இலக்கிய வட்டம் ஒன்று செய்யத்தக்க பணி இதில் உண்டு. அதற்குப் பொருட்செலவும் பெரிதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் உறவினர் வீட்டுப் பரணையும் மரப்பெட்டியையும் ஒருமுறை பார்க்கலாம். எழுத்தாணியோ பழைய பேனாக்கத்தியோ படைக் கத்தியோ கிடைத்தால் அதனை வாங்கவும் வேண்டா, எடுத்து வரவும் வேண்டா. படம் எடுத்து, நீளம், எடை, பிடியின் பொருள், பொறிப்பு, உறை ஆகியவற்றைக் குறித்தால் போதும். அதனைக் கையாண்டவரைப் பற்றி வீட்டு முதியோர் சொல்வதை அவர்தம் சொற்களிலேயே எழுத வேண்டும். கேள்விச் செய்தியைக் கேள்விச் செய்தி என்றே குறிக்க வேண்டும். ஊர்ப்பெயரோடு மாவட்டத்தையும் அக்காலப் பெயராலும் இன்றைய பெயராலும் எழுதுவது நன்று. வடஆற்காடு 1989இல் பிரிந்தது. வேலூர் மாவட்டமும் 2019இல் மூன்றாகிவிட்டது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு தலைமுறை கழிந்தபின் குறிப்பைப் படிப்போர்க்குக் குழப்பம் நேரலாகாது.

கவிஞர்கள் தம் முன்னோரின் பாடலைப் போற்றுகிறோம். அப்பாடல் ஓலையில் ஏறியது ஓர் இரும்பு முனையால். அந்த முனையைச் செய்தவர் ஒரு கொல்லர். அதற்கு உறை தைத்தவர் ஒரு தோல் தொழிலாளி. மூவருள் இருவரின் பெயர் நமக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் அரிது. அவர்கள் செய்த பொருளாவது எந்த வீட்டில், எவர் கையில் இருந்தது என்று எழுதிவைப்பது நம்மால் இயலும். எழுத்தாணிக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறும் எழுத்தாகவே இருக்கட்டும்.