நாய்க்குட்டிக்குப் பாடம் தொடங்கும் வயது

வீட்டிற்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் அதற்குப் பெயர் சூட்டுவதிற் குடும்பத்தார் காட்டும் ஆர்வம், அதனைப் பழக்குவதிற் காணப்படுவது அரிது. பழக்கத்தான் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. "குட்டிதானே, வளரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். இந்தப் "பிறகு" என்னும் சொல் நம் ஊர்ச் சோம்பலிற் பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மேல்நாட்டிலே நாய்ப் பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவர்களும் பல்லாண்டுகளாக இதனையே விதியாகக் கூறி வந்தனர். குட்டிக்கு ஆறு மாதம் நிரம்பும்வரை முறையான பாடம் எதுவும் கூடாது என்பது அவர்கள் கொண்டிருந்த கணக்கு. அந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது, எவ்வாறு தகர்ந்தது என்பதையே நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

மிகப் பழைய நூல்களில் இந்தக் கணக்கு இல்லை. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க எழுத்தாளரும் படைத்தலைவருமான செனோபன் வேட்டையைப்பற்றி எழுதிய நூலில், பெண் நாயை எட்டாம் மாதத்திலும் ஆண் நாயைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்கு இட்டுச் செல்லலாம் என்கின்றார். அது தொழில் தொடங்கும் வயது. அழைத்தால் வரும் பழக்கம் அதற்கு முன்னரே வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். கூப்பிடுவதற்கு எளிதாக நாய்களுக்குக் குறுகிய பெயர்களையே இடவேண்டும் என்று கூறி, நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை வரிசையாகத் தருகின்றார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மையைப்பற்றி விரிவாக எழுதிய உரோமர் கொலுமெல்லா இன்னும் நுட்பமாகப் பேசுகின்றார். பெயர் மிக நீண்டிருத்தல் ஆகாது. நீண்டால் நாய் விரைந்து கேளாது. ஆயினும் இரண்டு அசைக்குக் குறைதலும் ஆகாது என்பது அவர் கருத்து. இன்று குட்டி வளர்ப்போருக்குக் கூறப்படும் முதல் அறிவுரையும் ஏறக்குறைய இதுவே. ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத பாடம் ஒன்று உண்டென்றால் அது பெயர் சொல்லி அழைக்கும் பாடந்தான்.

ஆங்கிலேயர் துப்பாக்கியோடு பறவை வேட்டையாடத் தொடங்கிய பின்னர் நிலைமை வேறாயிற்று. குதிரையையும் நாயையும் பணியவைப்பதை அவர்கள் "உடைத்தல்" என்று பொருள்படும் சொல்லாலே குறித்தனர். சொல்லிலேயே ஒரு கொள்கை அடங்கியிருக்கின்றது. விலங்குக்குள் ஒரு முரட்டுத்தனம் இருக்கின்றது, அதனை முறித்துவிட்டால் எஞ்சுவது கீழ்ப்படிதல் என்பதே அக்கொள்கை. தமிழிலோ "பழகுதல்" என்பதிலிருந்து "பழக்குதல்" பிறந்தது. ஒருவரோடு நாம் நட்பாவதும் விலங்கு நமக்கு இணங்குவதும் ஒரே வேரிலிருந்து எழும் சொற்கள். நம் முன்னோர் நாய்களை அன்பாகவே நடத்தினர் என்று இதனாற் சாதிக்க நான் முற்படவில்லை. தெருவிலே கல்லடி படும் நாய்கள் அந்த வாதத்தை உடனே பொய்ப்பித்துவிடும். என்றாலும் சொல்லளவில் நம் மொழி சரியான பக்கத்தில் நிற்கின்றது.

1848இல் ஹச்சின்சன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயரிலும் "உடைத்தல்" என்னும் அந்தச் சொல்லே இருக்கின்றது. ஆனால் உள்ளே இருப்பது வேறு. அக்காலத்து வேட்டை நாய்ப் பயிற்சியாளரின் சவுக்கை அவர் வெறுத்தார். தொடக்கப் பாடங்களைத் துப்பாக்கியும் வயல்வெளியும் இன்றி வீட்டிலேயே கற்பிக்கலாம், சொன்னபடி செய்ததற்குத் தின்பண்டம் கொடுக்கலாம் என்றார். நூல் பல பதிப்புக்களைக் கண்டது. சவுக்கு மட்டும் மறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டுப் பயிற்சிக்கு அடித்தளம் இட்டவர் கொன்ராட் மோஸ்ட் என்னும் ஜேர்மனியர். பொலிஸ் பணியிலே நாய்களைப் பழக்கிய அனுபவத்தைக்கொண்டு 1910இல் அவர் எழுதிய கைந்நூல் பல நாடுகளின் படைகளுக்கும் வழிகாட்டியாயிற்று. மோஸ்டின் கூர்மையை வியக்காமல் இருத்தல் இயலாது. நாய்க்கு அறநெறி தெரியாது; தான் செய்தது குற்றம் என்று அது உணர்வதில்லை; ஒரு செயலும் அதன் விளைவும் அடுத்தடுத்து நிகழ்ந்தால் மட்டுமே இரண்டையும் அது இணைத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். ஓடிப்போன நாய் திரும்பி வந்ததும் அடிக்கின்றோம். ஓடியதற்கு அடித்தோம் என்பது நம் கணக்கு. வந்ததற்கு அடி கிடைத்தது என்பது நாயின் கணக்கு. அடுத்தமுறை அது வராது. இந்த உண்மையை ஆய்வுகூட உளவியல் முழு உருப்பெறுவதற்கு முன்னரே களத்திலே கண்டவர் அவர்.

ஆனால் அவர் கையிற் கொண்ட கருவி வலி. முள் வைத்த கழுத்துப் பட்டி, இறுகும் சங்கிலி, கயிற்றைச் சுண்டி இழுத்தல், பிரம்பு ஆகியன அவருடைய முறையில் இடம்பெற்றன. இங்கேதான் நம் வினாவுக்கு விடை இருக்கின்றது. எட்டு வாரக் குட்டியின் கழுத்திலே அத்தகைய பட்டியை மாட்டிச் சுண்டினால் அது காயப்படும், அல்லது அஞ்சி ஒடுங்கிவிடும். உடலும் மனமும் அந்தச் சுண்டுதலைத் தாங்குவதற்கு அரை ஆண்டாவது செல்லவேண்டும். ஆகவே ஆறு மாதம் என்பது குட்டியின் அறிவை அளந்து கண்ட வயதன்று. கயிற்றின் கடுமையை அளந்து கண்ட வயது. முறையின் குறைபாட்டை மாணவனின் குறைபாடாக எழுதிவைத்த கதை இது. பள்ளிக்கூடங்களின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பானவற்றை நேயர்கள் கண்டிருப்பீர்கள்.

வேட்டைக்காரர், பொலிஸார், படையினர் ஆகியோரிடமிருந்து இந்தக் கலையைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதலிடம் பெறுபவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஹெலின் வைற்ஹவுஸ் வோக்கர் என்பார் பூடில் இனத்துப் பெரிய நாய்களை வளர்த்தவர். உரோமத்தைப் பூப்பூவாகக் கத்தரித்து விடப்பட்ட அந்த நாய்களைக் கண்டோர் அவற்றை அலங்காரப் பொம்மைகள் என்று நகைத்தனர். அவற்றுக்கும் மூளை உண்டு என்று காட்டவேண்டும் என்னும் வீம்பு அம்மையாருக்கு எழுந்தது. 1933இல் நியூயோர்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவிலே எட்டு நாய்களை வைத்து ஒரு கீழ்ப்படிதற் போட்டியை நடத்தினார். எசமானின் பக்கத்தில் ஒட்டி நடத்தல், இருந்த இடத்தில் இருத்தல், அழைத்ததும் வருதல், பொருளை எடுத்து வருதல் என்பன போன்றவை பரீட்சைகள். 1936இல் அமெரிக்க நாய்ச் சங்கம் இப்போட்டிகளுக்குரிய விதிகளை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிலே வோக்கர் அம்மையாரும் அவருக்குத் துணைநின்ற பிளான்ச் சாண்டர்ஸ் அம்மையாரும் நாய்களோடு இழுவை வண்டி ஒன்றிலே ஏறி, பத்தாயிரம் மைல்வரை பயணஞ்செய்து ஊர் ஊராக இப்பயிற்சியைக் காட்டினர். வகுப்புக்கள் பெருகின. இறுகும் சங்கிலியும் ஆறு மாதக் கணக்கும் அவ்வகுப்புக்களோடு கூடவே சென்றன.

அந்தக் கணக்கை அசைத்தவர்கள் நாய்ப் பயிற்சியாளர்கள் அல்லர். அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊரிலே ஜாக்சன் ஆய்வுகூடம் இருக்கின்றது. அங்கே ஜோன் போல் ஸ்கொற், ஜோன் புல்லர் என்னும் இருவரும் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்காக வளர்த்து, பிறந்த நாள் முதல் அவற்றின் நடத்தையைக் குறித்துவந்தனர். அங்கு நிகழ்ந்த சோதனை ஒன்று 1961இல் வெளியிடப்பட்டது. வேலியடைத்த வெளியிலே தாயோடு குட்டிகள் விடப்பட்டன. மனித முகம் அவற்றுக்குக் காட்டப்படவில்லை. சில குட்டிகள் இரண்டாம் வாரத்திலும், சில மூன்றாம் வாரத்திலும், மற்றவை ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலுமாக ஒரே ஒரு வாரம் மட்டும் மனிதரோடு வாழ வெளியே எடுக்கப்பட்டு, மீண்டும் வெளியில் விடப்பட்டன. ஒரு பகுதி பதினான்கு வாரம்வரை எடுக்கப்படவே இல்லை. இறுதியில் எல்லாவற்றையும் சோதித்தபோது, பதினான்கு வாரம் மனிதரைக் காணாத குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல நடந்துகொண்டன. ஐந்தாம் வாரத்துக்கும் ஒன்பதாம் வாரத்துக்கும் இடையில் அந்த ஒரு வாரத்தைப் பெற்றவையோ மனிதரை நாடி வந்தன.

மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம்வரை குட்டியின் மனம் உலகத்தை நோக்கித் திறந்திருக்கின்றது. பின்னர் அக்கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுகின்றது. "ஐந்தில் வளையாதது" என்று நாம் ஆண்டிலே கணக்கிடுவதை நாய்க்கு வாரத்திலே கணக்கிடவேண்டியிருக்கின்றது. ஆறு மாதம் காத்திருந்தவர்கள் கதவு சாத்திய பின்னரே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது ஏட்டளவில் நின்ற அறிவன்று. கலிபோர்ணியாவின் சான் ரபாயேல் நகரில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிலையம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பெரும்பாலான குட்டிகள் பயிற்சியிலே தேறாமற் போயின. கிளாரன்ஸ் பாபன்பெர்கர் என்பவர் ஸ்கொற்றின் துணையோடு காரணத்தை ஆராய்ந்தார். கூண்டிலேயே நீண்ட நாள் விடப்பட்ட குட்டிகள் பின்னர் பொறுப்பேற்கும் வேலையிலே தவறின. உரிய வாரங்களில் சிறுவர் உள்ள வீடுகளுக்கு அனுப்பப்பட்டவை தேறின. கண்ணற்ற ஒருவர் வீதியைக் கடக்கும்போது, "நட" என்ற ஆணையையும் மீறி, வரும் வாகனத்தைக் கண்டு நிற்கவேண்டியது அந்த நாயின் கடமை. அச்சத்தாற் பணியும் நாய் அவ்வாறு மீறத் துணியுமா? ஒரு மனிதரின் உயிர் அதன் குட்டிப் பருவத்துச் சில வாரங்களிலே தங்கியிருந்தது. பாபன்பெர்கரின் நூல் 1963இல் வெளிவந்தது.

வயது தெரிந்துவிட்டது, முறை வேண்டுமே. அதனைத் தந்தது வேறொரு பக்கம். 1951இல் பேராசிரியர் ஸ்கின்னர், விலங்குகளுக்குக் கற்பித்தல்பற்றிய ஒரு கட்டுரையில், சிறு ஒலி ஒன்றையும் உணவையும் இணைத்து, விரும்பிய செயல் நிகழும் கணத்திலேயே அந்த ஒலியை எழுப்பும் வழியை விளக்கினார். 1960களில் ஹவாய்த் தீவிலே கரன் பிரையர் அம்மையார் ஓங்கில் மீன் எனப்படும் கடல்வாழ் விலங்கை இத்தகைய முறையாற் பழக்கினார். ஓங்கிலின் கழுத்திலே கயிறு கட்ட இயலாது. கோபித்தால் நீந்திப் போய்விடும். கயிறின்றி அத்தகைய விலங்கைப் பழக்கலாமாயின் நாய்க்குட்டியைப் பழக்கலாகாதா? 1984இல் வெளிவந்த அவருடைய நூல் நாய் வளர்ப்போரிடையே பெரிதும் பரவியது. அதற்குச் சற்று முன்னர், 1982இல், இங்கிலாந்திற் பிறந்த விலங்கு வைத்தியரான இயன் டன்பார் கலிபோர்ணியாவின் பெர்க்கிலி நகரிலே, கயிறு அவிழ்த்துவிட்ட நாய்க்குட்டிகளுக்கென்றே ஒரு வகுப்பைத் தொடங்கியிருந்தார்.

அங்கே "இரு" என்னும் பாடம் எவ்வாறு நிகழ்கின்றது என்று பாருங்கள். முன்னர் பட்டியை மேலே இழுத்துப் பின்புறத்தைக் கையால் அழுத்துவார்கள். இப்போது ஓர் இறைச்சித் துணுக்கைக் குட்டியின் மூக்கருகே பிடித்து, மெல்ல அதன் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துகின்றார்கள். மூக்கு மேலே செல்லச் செல்லப் பின்புறம் தானாகத் தாழ்கின்றது. தரையைத் தொட்ட அதே கணத்திலே துணுக்கு வாய்க்குப் போகின்றது. சிலமுறை செய்த பின் வெறுங் கையே போதும். கைக்கு முன்னாற் சொல்லைக் கூறிவரச் சொல்லே போதுமாகின்றது. ஒருமுறைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்குச் சிலமுறை. எட்டு வாரக் குட்டிக்கு இது விளையாட்டு.

எல்லாம் சுமுகமாக முடிந்ததா என்றால் இல்லை. 1978இலே பார்வோ என்னும் குடல் நோய்க் கிருமி உலகெங்கும் பரவி எண்ணற்ற குட்டிகளைக் கொன்றது. ஊசித் தொடர் முழுவதும் முடியும்வரை, அதாவது பதினாறு வாரம் அளவுக்கு, குட்டியை வெளியே கொண்டுசெல்லாதீர்கள் என்று வைத்தியர்கள் எச்சரித்தனர். எச்சரிக்கை நியாயமானது. ஆனால் மனத்தின் கதவு சாத்தப்படுவதும் அதற்குள்ளேதான். நோயிலிருந்து காத்த வீட்டுச் சிறையே பலவற்றை அஞ்சிக் கடிக்கும் நாய்களாக்கியது. 2008இல் அமெரிக்க விலங்கு நடத்தை வைத்தியர் சங்கம் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் மரணத்துக்கு முதற் காரணம் தொற்று நோயன்று, நடத்தைக் கோளாறே என்று அது கூறியது. கட்டுப்படாத நாயை மனிதர் கைவிடுகின்றனர், கைவிடப்பட்டது கொல்லப்படுகின்றது என்பதே அதன் பொருள். ஏழு, எட்டு வாரத்திலேயே வகுப்பைத் தொடங்கலாம். முதற் தடுப்பூசி போட்டு ஏழு நாளாவது கழிந்திருக்கவேண்டும். பூச்சி மருந்தும் கொடுத்திருக்கவேண்டும் என்பவை அது விதித்த நிபந்தனைகள்.

நம் நாட்டிலே நாய்க்குட்டி வகுப்பு எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. தெருவிலே ஊசி போடாத நாய்கள் திரிவதால் குட்டியைத் தரையில் விடுதலும் தகாது. கையிலே தூக்கிச் செல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. பஸ் தரிப்பிடத்து இரைச்சல், விரித்த குடை, மீன்காரரின் சைக்கிள் மணி, சீருடை அணிந்த பிள்ளைகள், ஊன்றுகோல் ஊன்றி வரும் பெரியவர் ஆகிய எல்லாவற்றையும் மடியிலிருந்தபடியே அது காணலாம், கேட்கலாம். ஒவ்வொன்றைக் கண்டதும் ஒரு துணுக்கு உணவு கொடுத்து, பெயர் சொல்லி அழையுங்கள். பெயர் இரண்டு அசையாக இருக்கட்டும்.