துண்டு போட்டு சீட் பிடிக்காதே: வைன் சொல்லும் பாடம்

லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு விண்டோஸ் கேம் ஓடுகிறது. அதை எழுதியவர்கள் லினக்ஸைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள். அப்புறம் எப்படி ஓடுது? நடுவில் வைன் என்ற மென்பொருள் இருக்கிறது. 1993-ல் ஆரம்பித்த ப்ராஜெக்ட், 1.0 பதிப்பு வந்ததோ 2008-ல். பதினைந்து வருஷம்! விண்டோஸ் ஃபங்ஷன்களின் பெயரை மட்டும் காப்பி அடித்தால் போதாது, அவை நடந்துகொள்கிற விதமும் அப்படியே வரணும். அங்கேதான் சிக்கல்.

முதலில் கீபோர்டு. ஒரு கீயை அழுத்தினால் விண்டோஸ் ப்ரோக்ராமுக்கு இரண்டு எண்கள் போகும். ஸ்கேன் கோட், கீ இருக்கும் இடத்தைச் சொல்லும். வர்ச்சுவல் கீ கோட், அந்த லேஅவுட்டில் அது என்ன கீ என்று சொல்லும். நம் கீபோர்டில் டபிள்யூ இருக்கும் இடத்தில் பிரெஞ்சு கீபோர்டில் இசட் இருக்கும். லினக்ஸின் எக்ஸ்11 தருவதோ வேறு எண்கள். அதனால் வைன் தன்னிடமுள்ள லேஅவுட் பட்டியலோடு ஒப்பிட்டு, எது அதிகம் பொருந்துகிறது என்று ஊகித்தது. ஊகம் தப்பினால் தப்பான கீ விழும்.

அடுத்து த்ரெட். விண்டோஸில் ஒரு த்ரெட் ஒரே நேரத்தில் 64 விஷயங்களுக்காகக் காத்திருக்கலாம். 'ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும்' என்றும் கேட்கலாம், 'எல்லாமே ஒன்றாக வேண்டும்' என்றும் கேட்கலாம். இரண்டாவதுதான் வம்பு. பஸ்ஸில் இரண்டு குடும்பங்கள் ஏறி, ஆளுக்குப் பாதி சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு மீதிக்காகக் காத்திருந்தால்? யாருமே உட்கார முடியாது. அதனால் விண்டோஸ் விதி: கிடைத்தால் எல்லாம், இல்லையென்றால் ஒன்றுமே தொடாதே.

இந்த வசதி லினக்ஸ் கெர்னலில் அப்போது இல்லை. எனவே வைன்சர்வர் என்ற தனி ப்ராசஸ் கண்டக்டர் மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. சரியாக இருந்தது, ஆனால் மெதுவாக. ஒவ்வொரு காத்திருப்புக்கும் அதனிடம் போய் வரணும் இல்லையா?

2018-ல் எலிசபெத் ஃபிகுரா 'ஈசிங்க்' எழுதினார். கண்டக்டரைத் தாண்டி, லினக்ஸின் ஈவென்ட்எஃப்டி வழியாக த்ரெட்கள் நேரடியாகக் காத்திருந்தன. பல கேம்கள் வேகமெடுத்தன. ஆனால் அந்த 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' விதியை அதனால் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொன்று: விண்டோஸ் த்ரெட் 'கீ அழுத்தினாலும் எழுப்பு, அந்த வேலை முடிந்தாலும் எழுப்பு' என்று சேர்த்தே கேட்கலாம். கீ செய்தி சர்வர் வழியாக வரும், மற்றது வேறு வழியில் வரும். இரண்டையும் ஒட்டவைக்கணும். கீபோர்டும் த்ரெட்டும் ஒரே பிரச்சினை ஆகிற இடம் இது.

கடைசியில் ஃபிகுராவே திரும்ப வந்து என்டிசிங்க் என்ற டிரைவரை எழுதினார். இந்த விதி கெர்னலுக்குள்ளேயே போனது. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14-ல் அது தயார். வைன் தொடங்கி 32 வருஷம்!

உண்மையைச் சொல்லணும்னா, நானும் ஒரு ரேஸ் கண்டிஷனை 'ஸ்லீப்' போட்டு மூடியிருக்கேன். டெஸ்ட் பாஸ் ஆச்சு, பக் போகல. ஈசிங்க்கை அப்படிக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வருஷம் மக்களை விளையாட வைத்தது. ஆனால் 'ஏறக்குறைய சரி'யோடு அதை எழுதியவரே நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிச்சது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!