வறுமைக் கோடு பிறந்த கதை

2011 டிசம்பர் 30 அதிகாலை, ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. விடிந்தபோது திருவதிகையைச் சுற்றிய பண்ருட்டிப் பகுதியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சில ஏக்கர் தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பத்தை முந்தின நாள் எந்தக் கணக்கெடுப்பும் எளிதில் ஏழை என்று எழுதியிராது. மறுநாள் அந்தக் குடும்பத்துக்குக் கிழங்கு, மணிலா போட்டுப் பிழைக்க வேண்டிய நிலை. கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை நகை அடகுக்குப் போகும், வட்டி வாசலுக்கு வரும்.

ஏழை யார் என்று பிரிக்கும் கோடு இவர்களை ஏன் பார்க்கவில்லை? அது பிறந்த விதத்தில்தான் விடை இருக்கிறது.

இந்தியாவில் அதற்கு முதல் உரு கொடுத்தவர் தாதாபாய் நௌரோஜி. கப்பலேறிய கூலிகளுக்கு அரசு வகுத்திருந்த உணவுப் படியை அளவாக வைத்து, 1867–68 விலையில் ஓர் ஆள் உயிர்வாழ ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அந்த அடிப்படைத் தேவைகூடப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை என்று ஆங்கில ஆட்சியின் முகத்துக்கு நேரே சொல்வதே அவர் நோக்கம்.

விடுதலைக்குப் பின், 1962-இல் திட்டக்குழு அமைத்த அறிஞர் குழு ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்று வரையறுத்தது. மருத்துவத்தையும் கல்வியையும் அரசே தரும் என்று நம்பி, அந்தச் செலவுகளை விட்டுவிட்டது. 1979-இல் பொருளாதார அறிஞர் அலக் தலைமையிலான குழு கலோரியை அளவுகோலாக்கியது: ஆளுக்கு நாளொன்றுக்குக் கிராமத்தில் 2400, நகரத்தில் 2100. 1973–74 விலையில் அது கிராமத்தில் ஆளுக்கு மாதம் 49 ரூபாய் 9 காசு ஆனது.

அரசு தரும் என்று நம்பிய மருத்துவம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனது. 2009-இல் பொருளாதார அறிஞர் டெண்டுல்கர் தலைமையிலான குழு மருத்துவச் செலவையும் கல்விச் செலவையும் கணக்கில் சேர்த்தது. 2011–12-இல் அந்த முறைப்படி தமிழகக் கிராமத்துக் கோடு ஆளுக்கு மாதம் 880 ரூபாய். ஆனால் அளப்பது இன்னும் செலவை மட்டுமே. கடன் வாங்கி அறுவைச் சிகிச்சைக்குக் கட்டிய பணமும் செலவாகவே பதிவாகும். குடும்பம் கோட்டுக்கு மேலே ஏறியதுபோலத் தெரியும். தலைமேல் இருக்கும் கடனையும், கையிருப்பு தீர்ந்ததையும், சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்பதையும் அந்தக் கோடு கேட்பதில்லை.

ஆகவே கோட்டைத் தாண்டுவதும் வறுமையைத் தாண்டுவதும் ஒன்றல்ல. நிலமோ வேலையோ இருந்தும், ஒரு நோய், ஒரு புயல், ஒரு மரணம் வந்தால் தாங்க ஏதும் இல்லாத வீடு நாளையே கீழே வரும்.

தமிழகம் ஒரு விஷயத்தில் இதை உணர்ந்து நடந்தது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டின்படி பிரித்தபோதும், இங்கே எல்லாருக்குமான பொது விநியோகமே தொடர்ந்தது. அதே துணிவு மருத்துவத்துக்கும் பயிர் இழப்புக்கும் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கும் ஆண்டு வருமான வரம்பு உண்டு; வரம்பை மயிரிழையில் தாண்டியவரும் வெளியேதான். ஏழைகளை எண்ண அந்தக் கோடு இருக்கட்டும். உதவிக்கு வருபவரைத் திருப்பி அனுப்ப அதைக் காரணம் காட்டாதீர்கள்.