கொழும்பின் பொதுப் போக்குவரத்தும் மக்கள் குரலும்

கொழும்பு மாநகரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கிய ஆண்டு 1899. கோட்டையிலிருந்து ஒரு பாதை மருதானை வழியாகப் பொரளைக்கும், மற்றொன்று களனி கங்கைக்கு அணித்தான கிராண்ட்பாஸிற்கும் சென்றன. கொட்டாஞ்சேனை மக்களுக்கு அயலிலேனும் கிட்டிய இவ்வசதி வெள்ளவத்தை வாசிகளுக்கு என்றுமே வாய்க்கவில்லை. அவர்கள் கரையோரப் புகையிரதத்தையும், பின்னர் பஸ் வண்டிகளையுமே நம்பியிருந்தனர்.

டிராம் சேவை தனியார் கம்பனியொன்றின் உடைமையாக இருந்தது. 1929 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெப்ரவரியில் மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலேயே தொழில் வழங்குநர் சம்மேளனம் தோன்றித் தொழிற்சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டமை தொழிலாளர் இயக்கத்தின் பெருவெற்றி எனலாம். ஆயின் பயணம் செய்வோன் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினன் அல்லன். இக்குறை பின்னரும் தொடர்ந்ததென்பதே எமது கருத்து.

இதற்கிடையில் பஸ் வண்டிகள் பெருகின. வண்டிச் சொந்தக்காரர்கள் பலர் ஒரே வீதியில் ஆட்களுக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். இதனை ஒழுங்குபடுத்த 1942 இல் கொணரப்பட்ட அனுமதிப்பத்திர முறை, பாதைகளைக் கம்பனிகளின் தனியுரிமையாக்கியது. போட்டி ஒழிந்தது, ஏகபோகம் வந்தது. 1948 இல் இரத்தினமும் 1954 இல் சன்சோனியும் பஸ் சேவையை ஆராய்ந்தனர் என்பதே குறைபாடுகள் அரசின் செவிக்கு எட்டியிருந்தன என்பதற்குச் சான்றாகும்.

1953 ஆம் ஆண்டு இங்கு தனியே நோக்கத்தக்கது. அவ்வாண்டு ஜூலையில் கல்கத்தாவில் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசாவால் உயர்த்தப்பட்டது. எதிர்ப்புக் குழு அமைத்து, வண்டிகளைப் பகிஷ்கரித்து, மக்கள் அவ்வுயர்வை முறியடித்தனர். அதே ஜூலையில் இலங்கையின் வரவு செலவுத் திட்டம் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. புகையிரதக் கட்டணமும் கூடியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலின்போது மக்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தனர்; பஸ்களை மறித்தனர். அமைச்சரவையோ துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடியது! பிரதமர் டட்லி சேனாநாயக்க ஒக்டோபரிற் பதவி துறந்தார். ஆயினும் கல்கத்தாவில் பயணிகள் பயணிகளாகவே திரண்டனர். இங்கோ அரிசியே அனைவரையும் திரட்டியது. இவ்வேறுபாடு சிறிதன்று.

பஸ் சேவையைத் தேசியமயமாக்குக என்பது இடதுசாரிகளின் நெடுநாட் கோரிக்கை. 1956 இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு அதனை நிறைவேற்றியது. 1958 ஜனவரி 1 ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. தனியார் இலாபத்தினின்று மக்கள் சொத்தாக மாறிய அவ்வண்டிகளை வரவேற்கத் தமிழ் மக்களுக்கும் காரணமிருந்தது. ஆனால் சில வாரங்களுள், சிங்கள 'ஸ்ரீ' பொறித்த புதிய பஸ்கள் வடபகுதிக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் அவ்வெழுத்தை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினர். தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. எல்லோருக்கும் உரியதென்று கூறப்பட்ட வண்டியின் இலக்கத்தகடு யாருக்கு உரியது என்று கேட்கும் நிலையைத் தமிழ்ப் பயணி அன்று அடைந்தான். தேசியமயத்தைப் புகழ்வோர் இதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது.

டிராம் வண்டிகள் 1960 இலும், அவற்றின் இடத்துக்கு வந்த டிரொலி பஸ்கள் 1964 இலும் மறைந்தன. 1978 இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டு தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1942 க்கு முன் நிலவிய போட்டி காலி வீதிக்குத் திரும்பி வந்தது.