தேளும் புல்டாக்கும்

1990 ஜூன் 23, நேப்பிள்ஸ். உலகக் கோப்பை நாக் அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். கொலம்பியாவின் கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டா கோலை விட்டு வெகுதூரம் முன்னே வந்து, காலில் பந்தோடு நிற்கிறார். எதிரே கேமரூனின் ரோஜர் மில்லா, வயது 38. பந்தை இழுத்து அவரை ஏய்க்கப் பார்க்கிறார் ஹிகிட்டா. ஏமாறவில்லை மில்லா. பந்தைப் பறித்துக்கொண்டு காலிக் கோலை நோக்கி ஓடுகிறார். பின்னாலேயே ஓடிச் சறுக்கி விழுந்தும் ஹிகிட்டாவுக்கு எட்டவில்லை. கொலம்பியா 2-1 என்று தோற்று ஊர் திரும்பியது.

இன்னொருவர் என்றால் அந்தத் தவறு ஆயுளுக்கும் துரத்தியிருக்கும். ஹிகிட்டாவுக்கோ புகழ் கூடியது. கேரளத்தில் என்.எஸ். மாதவன் அவர் பெயரையே தலைப்பாக வைத்துச் சிறுகதை எழுதினார். கோலுக்குள் அடங்கியிருக்க மறுத்தவர் என்பதால் பிறந்த அன்பு அது.

அதே காலத்துப் பராகுவே கோல்கீப்பர் ஹோசே லூயிஸ் சிலாவெர்ட். சட்டையில் புல்டாக் படம், முகத்திலும் அதே முறைப்பு. கணக்குப் பார்த்தால் தராசு இவர் பக்கம்தான் தாழும். 1994-ல் அர்ஜென்டினாவின் வெலெஸ் சார்ஸ்ஃபீல்ட் அணியோடு, தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கோபா லிபர்டடோரஸ் கோப்பையை வென்றார். அதே ஆண்டு டோக்கியோவில் ஏசி மிலானை வீழ்த்திய அணியிலும் இருந்தார். ஃப்ரீ கிக், பெனால்டி என்று 60-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். 1999-ல் ஒரே ஆட்டத்தில் மூன்று. ஹிகிட்டா வெறும் வித்தைக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. 1989 லிபர்டடோரஸ் இறுதி ஆட்டத்தின் பெனால்டி ஷூட் அவுட்டில் நான்கைத் தடுத்து, ஒன்றைத் தானே அடித்தவர் அவர்.

ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது 1995 வெம்ப்ளியைத்தான். நட்பு ஆட்டம், கையால் சும்மா பிடித்திருக்கக்கூடிய பந்து. அதைத் தலைக்கு மேலே போகவிட்டு, முன்னால் பாய்ந்து, முதுகுக்குப் பின்னே இரு குதிகாலையும் தூக்கித் தேள் கொட்டுவதுபோல் உதைத்துத் தள்ளினார். அதைப் பார்த்த சிறுவன் மறுநாளே மணலில் குப்புற விழுந்து முயன்று பார்ப்பான். சிலாவெர்ட்டின் ஃப்ரீ கிக்கை அப்படி விளையாட்டாகச் செய்துபார்க்க முடியாது. அது பயிற்சியில் விளைந்தது.

சிலாவெர்ட்டின் வாயும் அவருக்கு எதிரிகளைச் சேர்த்தது. சொந்த நாட்டில் நடந்த 1999 கோபா அமெரிக்காவில், போட்டிக்குச் செலவாகும் பணம் கல்விக்குப் போக வேண்டும் என்று சொல்லி ஆட மறுத்தார். அந்தத் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். 2001-ல் ராபர்டோ கார்லோஸ் மீது துப்பியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2023-ல் அதிபர் தேர்தலில் நின்றபோது நூற்றுக்கு ஒரு வாக்குகூடத் தேறவில்லை.

என் அணியின் கோலை யாரிடம் ஒப்படைப்பேன்? சிலாவெர்ட்டிடம்தான். 1998 உலகக் கோப்பையில், லான்ஸ் நகரில், கூடுதல் நேரத்தில் லோராங் பிளாங் அடித்து ஆட்டத்தை அங்கேயே முடித்த தங்க கோலால் பிரான்ஸிடம் பராகுவே தோற்றது. வீரர்கள் அழுதபடி புல்லில் சாய்ந்தார்கள். சிலாவெர்ட் ஒவ்வொருவரிடமும் நடந்துபோய், கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.